ரீட் ஹார்டர் வாசிப்புச் சவால்: பேரேட்டில் 24 வரி

நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. குச்சிக்கு மருந்து முக்குகிற இடமும் எங்களுக்கு 'ஆபீஸ்'தான். பத்தொன்பது வருடமாகப் பற்றும் வரவும் எழுதிப் பழகிய கை. அதனால் 2024 டிசம்பரில் அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து ஒரு பட்டியலை அனுப்பி, "அத்தை, இதுல இருபத்துநாலு வரி இருக்கு. வரிக்கு ஒரு புத்தகம். ஒரு வருஷத்துல முடிக்கணும்" என்றபோது எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை, ஆண்டுக் கணக்காகத்தான் தெரிந்தது. ஆபீஸில் பாதி எழுதி விட்டிருந்த பழைய பேரேடு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். மீதிப் பக்கங்களில் கோடு போட்டேன். தேதி, புத்தகம், எங்கிருந்து வந்தது, என்ன விலை, எத்தனை நாள், கடைசியாக ஒரு வரி அபிப்பிராயம்.

பட்டியலை நடத்துவது புக் ரயட் என்ற அமெரிக்க இணைய இதழ். 2015 முதல் ஒவ்வொரு வருடமும் 'ரீட் ஹார்டர்' என்ற பெயரில் 24 பணிகள் கொடுக்கிறார்கள், மாதத்துக்கு இரண்டு என்ற கணக்கில். காசு கிடையாது. படித்தாயா என்று கேட்க ஆள் கிடையாது. பட்டியலை எடுத்துக்கொண்டு நம் பாட்டுக்குப் படிக்கலாம். அண்ணன் மகள் எனக்கு அனுப்பியது புதுசு இல்லை, 2015இல் வந்த முதல் பட்டியல். அதில் கேள்விகள் அகலமாக இருக்கின்றன, தமிழில் படிக்கிறவளுக்குத் தோது என்பது அவள் கணிப்பு. சரியான கணிப்புதான்.

இதற்கு முன்னால் நான் சவால் எதிலும் இறங்காதவள் இல்லை. 2023இல் குட்ரீட்ஸ் என்ற வாசகர் செயலியில் வருடத்துக்கு 50 புத்தகம் என்று போட்டுக்கொண்டேன். அங்கே எண்ணிக்கை மட்டும்தான். அக்டோபரில் 31இல் நின்றேன். அதற்கப்புறம் நான் செய்த காரியத்தை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்: நூலகத்தில் புத்தகத்தின் முதுகை மட்டும் பார்த்து, ஒல்லியாக இருப்பதாக எடுத்து வந்தேன். 50 ஆனது. அந்தக் கடைசி 19இல் இன்று எனக்கு நினைவிருப்பது நான்கு. அது செயலியின் தப்பு இல்லை, எண்ணைக் கண்டால் டேலி பண்ணியே தீர வேண்டும் என்கிற என் தொழில் புத்தி.

இன்னொன்று பாப்சுகர் என்ற இணையதளத்தின் சவால். அதுவும் 2015இல் தொடங்கியதுதான், முதல் வருடம் 50 பணி. தலைப்பில் ஒரு நிறம் உள்ள புத்தகம், உன் இனிஷியல் உள்ள எழுத்தாளரின் புத்தகம் என்று போகிறது. நம் ஊரில் இனிஷியல் என்பது அப்பா பெயர். கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கு ஆதாரில் ஒன்று, பாங்கில் ஒன்று. எதை வைத்து எழுத்தாளரைத் தேடுவது? அதை அப்படியே மூடிவிட்டேன்.

ரீட் ஹார்டரில் ஒரு சலுகை உண்டு. ஒரே புத்தகம் பல பணிக்குப் பொருந்தினால் எல்லாவற்றிலும் டிக் அடித்துக்கொள்ளலாம். அண்ணன் மகள் உடனே கணக்குப் போட்டாள். "அத்தை, ஃபிராங்கன்ஸ்டைன் படிங்க. மேரி ஷெல்லிக்கு அது அச்சாகும்போது இருபது வயசு, 25 வயசுக்குள்ள எழுதினவங்க வரி ஓவர். 1818ல வந்தது, 1850க்கு முந்தி வரி ஓவர். அறிவியல் புனைகதை, அதுவும் ஓவர். ஒரே கல்லுல மூணு மாங்கா." நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே வவுச்சரை மூன்று தலைப்பில் எழுதினால் ஆடிட்டர் என்னை என்ன சொல்வார்? ஒரு புத்தகம், ஒரு வரி. இதை முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இது பின்னால் என் கழுத்தைப் பிடித்தது, ஆனாலும் யாராவது இந்தச் சவாலில் இறங்கினால் இப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். சலுகையை எடுத்தால் பத்துப் பன்னிரண்டு புத்தகத்தில் பட்டியல் முடிந்துவிடும். கையில் டிக்தான் மிஞ்சும்.

சரி, பட்டியல் எப்படி? அமெரிக்காவில் ஒருவர் தன் ஊர்க்காரர்களின் அலமாரியைப் பார்த்து, இதில் என்னென்ன இல்லை என்று எழுதியது. அதில் குற்றமில்லை. ஆனால் அதை நம் அலமாரிமேல் வைத்துப் பார்த்தால் பாதி வரிகள் கோணல்மாணலாக உட்கார்கின்றன. ஜனவரி முழுக்க அந்தக் கோணலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில்தான் அந்தக் கோணல் இருக்கிற இடத்திலெல்லாம் ஏதோ இருக்கிறது என்று உறைத்தது.

உதாரணத்துக்கு, 'ஆசியாவில் நடக்கும் கதை'. கண்ணை மூடிக்கொண்டு அலமாரியில் கை வைத்தாலும் ஆசியாதான். அடுத்து, 'சிறு பதிப்பகம் வெளியிட்ட புத்தகம்'. அவர்கள் ஊரில் பெரிய நிறுவனங்கள் சந்தையை வைத்திருக்கின்றன, அதனால் சின்னவர்களைத் தேடிப் போ என்கிறார்கள். நம்மிடம் பெரிய பதிப்பகம் என்று சொல்கிறவற்றில் பலவும் அவர்கள் கணக்கில் சின்னதுதானே. அப்புறம், 'வேறு மொழியிலிருந்து மொழிபெயர்த்த புத்தகம்'. அங்கே வருடந்தோறும் வெளியாகும் புத்தகங்களில் மொழிபெயர்ப்பு சுமார் 3 சதவீதம்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அதனால் அது அவர்களுக்கு ஒரு சவால். நாங்கள் ரஷ்யக் கதைகளைத் தமிழில் படித்து, பனியே பார்க்காமல் பனிச்சறுக்கு வண்டியில் போய் வந்தவர்கள். அந்த வரிக்கு மலையாள எழுத்தாளர் பஷீரின் பாத்துமாவின் ஆட்டை எழுதினேன், குளச்சல் யூசுஃப் மொழிபெயர்ப்பு. இரண்டு ராத்திரி. சிரித்த சத்தத்தில் வீட்டில் ஒருவர் எழுந்து உட்கார்ந்து "என்ன?" என்றார்.

'1850க்கு முன் வெளியான புத்தகம்' என்ற வரியில்தான் முதல் அடி வாங்கினேன். நமக்கு என்ன பஞ்சம், சங்க இலக்கியத்தையே எடுத்து நீட்டலாம் என்று இருந்தேன். குறுந்தொகை என்று எழுதவும் எழுதிவிட்டேன். எழுதியது எப்போது, வெளியானது எப்போது என்று அண்ணன் மகள் ஒரு கேள்வி கேட்டாள். வவுச்சரில் தேதி முக்கியம் இல்லையா. பார்த்தால், உ.வே.சா. சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தது 1887இல். சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. குறுந்தொகையை வேறொருவர் பதிப்பித்தது 1915இல். எல்லாம் 1850க்கு இந்தப் பக்கம். ஈராயிரம் வருடச் சொத்து என்கிறோம், அச்சில் பார்த்தால் என் கொள்ளுத்தாத்தா காலம். திருக்குறள் தப்பிக்கிறது, அது 1812லேயே அச்சாகிவிட்டது. நான் குறளுக்குப் போகாமல் பரமார்த்த குரு கதையை எடுத்தேன். வீரமாமுனிவர் எழுதியது, 1822இல் லண்டனில் பாபிங்டன் பதிப்பித்தது. வீரமாமுனிவர் எங்களுக்குப் பக்கத்தில் காமநாயக்கன்பட்டியில் இருந்தவர், அந்தக் கோயில் கொடியேற்றத்துக்குச் சின்ன வயதில் போயிருக்கிறேன். அங்கே சுண்டல் வாங்கித் தின்றபோது இப்படி ஒரு ஆள் இங்கே உட்கார்ந்திருந்தார் என்று தெரியாது. குருவின் சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குகிற இடத்தை ஆபீஸில் மதியச் சாப்பாட்டில் சொன்னேன். பண்டல் போடுகிற பெண்கள் அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு மேஸ்திரியைப் பார்க்கும்போதெல்லாம் "குதிரை முட்டை" என்று முணுமுணுத்தார்கள்.

'ஆப்பிரிக்க எழுத்தாளர் ஒருவரின் புத்தகம்' என்ற வரி எனக்குச் சுத்தமாகப் புதுசு. நாற்பத்தைந்து வயது வரைக்கும் ஒரு ஆப்பிரிக்க எழுத்தாளரையும் படித்ததில்லை என்பது அந்த வரியைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரியும். சினுவா ஆச்சிபியின் நாவல், ஆங்கிலத்தில் 1958இல் வந்தது. ஈழத்து எழுத்தாளர் என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று தமிழில் தந்திருக்கிறார். முதல் இருபது பக்கம் பெயர்கள் நாக்கில் நிற்கவில்லை. அப்புறம் விருந்தாளி வந்தவுடன் கோலாக் கொட்டையை உடைத்து நீட்டுகிற இடம் வந்தது. வெற்றிலைத் தட்டை முன்னால் நகர்த்தி வைக்காமல் எங்கள் தாத்தா யாரிடமும் பேச்சைத் தொடங்கியதில்லை. கடன் கேட்க வந்தவனும் கொட்டையைத் தின்று, ஊர்க்கதை பேசி, கடைசியில்தான் விஷயத்துக்கு வருகிறான். அங்கேயிருந்து புத்தகம் என்னை இழுத்துக்கொண்டு போனது. கிழங்குக் கொடி நட்டு, மழை பொய்த்து, மறுபடி நட்டு என்று கதாநாயகன் படுகிற பாட்டைப் படிக்க மானாவாரி வெள்ளாமை பார்த்தவர்களுக்கு உரை தேவையில்லை.

'பூர்வகுடி மக்களைப் பற்றியது' என்ற வரிக்கு ச. பாலமுருகனின் சோளகர் தொட்டி. சத்தியமங்கலம் மலையில் வீரப்பன் தேடுதலின்போது சோளகர்களுக்கு நடந்தது. முதல் பாதி மலையும் தேனும் ஆட்டமும். இரண்டாம் பாதியை நான் ராத்திரியில் படிக்கவில்லை. பகலில், ஆள் நடமாட்டம் உள்ள நேரத்தில், திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். பேரேட்டில் அபிப்பிராயக் கட்டம் காலியாக இருக்கிறது.

இப்போது முக்கியமான வரிக்கு வருகிறேன். 'உங்கள் பாலினம் அல்லாத ஒருவர் எழுதிய புத்தகம்.' இதைவிட எளிய வரி எனக்கு உண்டா? ஆண் எழுதியது எதை எடுத்தாலும் ஆயிற்று. அந்த 'எதை எடுத்தாலும்' என்பதுதான் உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் இருந்ததை எல்லாம் கீழே இறக்கி, சரக்கு இருப்பு எடுப்பது மாதிரி எண்ணினேன். மொத்தம் 163. அதில் பெண்கள் எழுதியது 19. அந்தப் பத்தொன்பதிலும் ஆறு சமையலும் கோலமும். என் சொந்தக் காசில், என் சொந்த விருப்பத்தில், இருபது வருடமாக வாங்கியவை. வரியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்: எனக்கு இந்த வரியில் பெண் எழுதியதுதான் செல்லும். பட்டியல் போட்டவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ராஜம் கிருஷ்ணனின் கரிப்பு மணிகளை எடுத்தேன். 1979இல் வந்த நாவல், நான் பிறந்த வருடம். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் பற்றியது. அவருடைய எழுத்துகளை 2009இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அரசு நாட்டுடைமை ஆக்கியது. அதனால் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. இலவசமாக இறக்கி, பேரேட்டில் விலைக் கட்டத்தில் சைபர் போட்ட ஒரே வரி அது.

எங்கள் சித்தி தூத்துக்குடியில் அளத்தில் வேலை பார்த்தவள். 'உப்பளம்' என்று அவள் சொல்ல மாட்டாள், அளம்தான். மே மாதம் அவள் பேத்தி சடங்குக்குப் போயிருந்தபோது, மத்தியானம் எல்லோரும் படுத்திருந்த நேரத்தில், போனிலிருந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். உப்பு வாருகிற பலகையும், காலில் தோல் உரிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் படுவதும், வெள்ளை வெயிலில் கண் கூசிக் கூசிப் பார்வை போவதும் வருகிற இடங்கள். சித்தி விசிறிக்கொண்டே கேட்டாள். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இத எழுதுனது ஆம்பளையா பொம்பளையா?" என்றாள். பொம்பளைதான் என்றேன். "அதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, விசிறியை என் பக்கம் திருப்பி வீசினாள்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. 'நுண்வரலாறு' என்று ஒரு வரி, அதாவது ஒரே ஒரு பொருளையோ விஷயத்தையோ பிடித்துக்கொண்டு அதன் கதையைச் சொல்லுகிற புத்தகம். ராய் மாக்ஸமின் உப்பு வேலி, சிறில் அலெக்ஸ் தமிழாக்கம். லண்டனில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பில் ஒரு வேலியைப் பற்றிப் படித்துவிட்டு, அதைத் தேடி இந்தியாவுக்கு வருகிறார் அந்த மனுஷர். உப்புக்கு வரி வாங்க வெள்ளைக்காரன் நாட்டின் குறுக்கே போட்ட சுங்கக் கோடு, இரண்டாயிரம் மைலுக்கு மேல். அதில் முள்ளாலும் செடியாலும் ஒரு உயிர்வேலி. இலந்தை, கருவேலம், சப்பாத்திக் கள்ளி. காவலுக்கு சுமார் 12,000 பேர். 1879இல் கைவிட்டார்கள். அந்த வேலியை அக்கறையாக வளர்த்தவர்களில் ஒருவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பின்னால் காங்கிரசைத் தொடங்கியவர் என்று பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் பண்ணிய அதே ஹியூம். நான் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தேன். பள்ளிக்கூடத்தில் 'தொடங்கியவர் யார்' என்று மட்டும்தான் கேட்டார்கள்.

கணக்கு எழுதுகிறவளுக்கு அந்தப் புத்தகத்தில் இன்னொரு ருசி இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு எவ்வளவு உப்பு வேண்டும், அதற்கு வரி எவ்வளவு, அது கூலிக்காரனின் எத்தனை நாள் சம்பளம் என்று மாக்ஸம் போட்டுப் பார்க்கிறார். காகிதத்தில் சின்னத் தொகை. வயிற்றில் பெரிய தொகை.

நூலகத்தில் இதைத் திருப்பிக் கொடுக்கும்போது நூலகர் சார் அட்டையைப் பார்த்துவிட்டு, "உப்பாம்மா? இருங்க" என்று உள்ளே போனார். வந்தபோது கையில் ஆ. சிவசுப்பிரமணியனின் உப்பிட்டவரை. தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், நாட்டார் வழக்காற்று ஆய்வாளர். தமிழர் வாழ்க்கையில் உப்பு எங்கெல்லாம் நிற்கிறது என்று தேடி எடுத்து வைத்திருக்கிறார். 'வேறொருவர் சிபாரிசு செய்த புத்தகம்' என்ற வரி தானாக நிரம்பியது. ஆக மே, ஜூன் இரண்டு மாதமும் உப்பு. மூன்று வரி, மூன்று புத்தகம். பட்டியல் கொடுத்தவர்கள் உப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருடத்தில் நான் நன்றாகப் படித்த இரண்டு மாதம் எது என்றால் அதுதான்.

ஜூலையில் வந்தது சவாலின் பலவீனம். உப்பை விட்டு வெளியே வர மனசில்லை. அடுத்து எதைப் படிக்க என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் பேரேட்டில் 'காதல் நாவல்' என்று ஒரு காலிக் கட்டம் முறைத்துப் பார்க்கிறது. பட்டியலுக்காக ஒரு சரட்டை அறுத்துவிட்டுப் போவது சரியில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அன்றைக்கு அறுத்துக்கொண்டுதான் போனேன். ரமணிசந்திரன் ஒன்று, ஆபீஸில் ஒரு பெண்ணிடம் இரவல். ஒரே நாளில் முடிந்தது, நன்றாகவும் இருந்தது. 'குற்ற உணர்வோடு ரசிக்கும் புத்தகம்' என்று ஒரு வரி, அதற்கு ராஜேஷ்குமாரின் மாத நாவல். இதில் என்ன குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் பஸ் வராமல் நிற்கிறவளைக் காப்பாற்றுவது அந்தச் சின்னப் புத்தகம்தான். அந்த வரியின் பெயரை 'பஸ் ஸ்டாண்டு' என்று மாற்றி எழுதிவிட்டேன்.

அறிவியல் புனைகதைக்கு சுஜாதாவின் ஜீனோ நாய்க்குட்டியிடம் திரும்பப் போனேன், சின்ன வயதில் பயந்த அளவுக்கு இப்போது பயமில்லை, நாயின் நக்கல்தான் கூடுதலாகப் பிடித்தது. கவிதைக்கு தேவதச்சன், எங்கள் ஊர்க்காரர். சிறுகதைக்கு இடைசெவல் கு. அழகிரிசாமி. 65 வயதுக்கு மேல் எழுதியவருக்கு அதே இடைசெவல் கி.ரா., தொண்ணூறைத் தாண்டியும் எழுதிக்கொண்டிருந்தவர். இந்தச் சவாலுக்குக் கோவில்பட்டியில் பிறந்தது ஒரு அநியாயச் சலுகை, ஒத்துக்கொள்கிறேன்.

விருது வாங்கிய புத்தகம் என்ற வரியில் புக்கர், புலிட்சர், அமெரிக்க தேசிய புத்தக விருது மூன்றும்தான் செல்லும். நான் சாகித்திய அகாதெமி என்று திருத்திக்கொண்டேன். சோ. தர்மனின் சூல், 2019 விருது. உருளைகுடிக் கண்மாயும், அதை நம்பியிருந்த ஊரும். கண்மாய் மேட்டில் மண் அள்ளுவதும், மீனும் பறவையும் மரமும், அதைக் காவல் பார்த்தவர்களும் என்று விஸ்தாரமாகப் போகிற புத்தகம். நடுவில் கொஞ்சம் இழுக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் படித்து முடித்த வாரம் எட்டயபுரம் போகும்போது பஸ் ஜன்னலில் ஒரு கண்மாய் விடாமல் எண்ணிக்கொண்டு போனேன். அதில் தண்ணீர் கிடந்தது எத்தனை என்று அந்தப் பேரேட்டிலேயே ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே வேண்டாம்.

பழைய காவியத்தை மறுபடி சொல்லும் புத்தகம் என்ற வரிக்கு எம்.டி. வாசுதேவன் நாயரின் இரண்டாம் இடம், குறிஞ்சிவேலன் மொழிபெயர்ப்பு. 2024 டிசம்பர் 25 அன்று எம்.டி. போய்விட்டார், பட்டியல் கையில் வந்த அதே வாரம். முதலில் எழுதிய வரி இதுதான், படித்தது செப்டம்பரில். வீமன் சாப்பாட்டு ராமன் இல்லை என்று புரிய ஒரு முழு நாவல் தேவைப்பட்டிருக்கிறது எனக்கு. லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறும் அந்த மாதம்தான். அதைப் படித்த பிறகு, ரயிலில் திருநங்கைகள் கை தட்டி வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற என் பழக்கம் எனக்கே அசிங்கமாகப் பட்டது.

காமிக்ஸ் வரிதான் வீட்டில் கலகம் பண்ணியது. 'கிராஃபிக் நாவல்' என்றுதான் தொடங்குகிறது. எங்களுக்கு சிவகாசி பக்கம். எங்கள் தீப்பெட்டிக்கு லேபிள் அச்சாகி வருகிற ஊர் அது, 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதும் அங்கேதான். இரும்புக்கை மாயாவியின் மறுபதிப்பு ஒன்று வாங்கினேன். அது கிராஃபிக் நாவல் கணக்கில் வராது என்று அண்ணன் மகள் சண்டை போட்டாள். படமும் கதையும் இருக்கிறது, அட்டை இருக்கிறது, என்ன வராது? இதற்குள் என் வீட்டுக்காரர், கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் தினசரியைத் தவிர வேறெதையும் விரித்துப் பார்க்காதவர், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். எனக்குத் திரும்பக் கிடைக்க நான்கு நாள். "அஞ்சாப்பு படிக்கையில இத வாடகைக்கு எடுத்துப் படிச்சது. பத்து பைசா" என்றார். அதற்கப்புறம் அவராகவே இரண்டு வாங்கிவிட்டார், அந்தச் செலவு என் பேரேட்டில் வராது.

ஒலிப்புத்தக வரியில் ஒரு தொல்லை. பெயர் வேண்டாம், ஒரு செயலியில் ஒரு மாதம் இலவசம் என்று சேர்ந்தேன். கல்கியின் பொன்னியின் செல்வன், சமையல் நேரத்துக்கு அதைவிட நல்ல துணை இல்லை. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் போகும்போது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். மாதம் முடிந்ததும் நிறுத்தச் சொல்லி அழுத்தியும் கணக்கிலிருந்து இரண்டு தரம் காசு எடுத்துவிட்டார்கள். மெயில் போட்டு, பாங்கில் சொல்லி, திரும்பி வர ஏழு வாரம். இலவச மாதம் என்று வந்தால், சேருகிற அன்றைக்கே ரத்து பண்ணுகிற இடத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாகம் முடிந்தது, வரியில் எழுதிவிட்டேன்.

இளையோர் நாவல் என்ற வரிக்கு யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம், 2020இல் பால சாகித்திய விருது வாங்கியது. அது சிறுவர் புத்தகம், இளையோர் என்று தனியாக நம்மிடம் பெரிய வழக்கம் இல்லை. என் மகளிடம் நான் சொல்லத் தயங்கிய விஷயத்தை அந்த மரப்பாச்சி சொன்னது. அவள் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 31 அன்று கணக்கை முடித்தேன். 24 வரியில் 21. வாங்கியது 9, நூலகம் 8, இரவல் 2, இலவசமாக இறக்கியது 1, ஒலி 1. மொத்தச் செலவு 3,120 ரூபாய், செயலிக்காரர்கள் திருப்பித் தந்த காசைக் கழித்து. நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து வெயிலில் நடந்து போய்த் திரும்பியது மூன்று தரம், அதைச் செலவில் சேர்க்கவில்லை.

வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறவர்களுக்கு: வருடத்துக்கு நான்கைந்து புத்தகம் படிக்கிறவர்கள் 24க்குப் போக வேண்டாம், எட்டு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டும் உங்களுக்கு முகம் சுளிக்க வைக்கிற வரிகளாக இருக்கட்டும். மாதம் இரண்டு என்று சமமாகப் பிரிக்காதீர்கள். தீபாவளி மாதம் எங்களுக்குப் பண்டல் கணக்கு, அக்டோபரில் நான் படித்தது சைபர். இரண்டு மாதம் காலியாக விட்டுவிடுங்கள், ஒரு சரடு கிடைத்தால் பிடித்துக்கொண்டு போக இடம் வேண்டும். விருது வரி, ஆசியா வரி, பாலின வரி மூன்றையும் நம் ஊருக்குத் தக்கபடி திருத்திக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கா, பூர்வகுடி, நுண்வரலாறு இவற்றில் கை வைக்காதீர்கள். நான் சவாலின் பெயருக்குப் பக்கத்தில் ஐந்துக்கு நான்கு போடுகிறேன். அந்த ஒன்றைக் குறைத்தது சுயமுன்னேற்ற வரிக்காக. ஒரு புத்தகம் வாங்கி, காலை நாலரை மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும் என்ற இரண்டாம் அத்தியாயத்தோடு மூடினேன். நான் இருபது வருடமாக நாலரைக்குத்தான் எழுகிறேன். தண்ணி வருவது அப்போதுதான்.

அது ஒரு பாக்கி. 'இந்த வருடமே வெளியான புத்தகம்' என்று வாங்கியது மேல்தட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கிறது, அது இரண்டு. போன வாரம் அண்ணன் மகள் 2026க்கு இன்னொரு பட்டியல் அனுப்பினாள். திறக்கவில்லை. புதுப் பக்கத்தில் தலைப்பு எழுதி, முதல் வரியில் 'முன்பாக்கி 3' என்று போட்டிருக்கிறேன். மூன்றாவது, 25 வயதுக்குள் எழுதியவர் வரி. ஆங்கிலத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கி, மேரி ஷெல்லி அறுபதாம் பக்கத்தில் மின்கட்டண ரசீதோடு நிற்கிறார்.